ஏழாம் மேடையின் கயிறுகள்

சிப்பி ஓட்டை மெல்லிய தகடாக அறுத்து, விளக்கொளியில் வைத்து, அதில் ஓடும் வரிகளைப் படிப்பது பெனிற்றாவின் வேலை. மாதாவிளைக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த பெண் இப்படி ஒரு வேலைக்குப் போனதில் ஊருக்கு முதலில் சிரிப்புத்தான். பாறையில் தானாக விளைகிற சாமானுக்கு ஒரு படிப்பா என்று கேட்டார்கள். பிறகு நடுக்கடலில் காற்றாலைகள் எழும்பின. அவற்றின் கால்களுக்கு இடையில் சிப்பிக் கயிறுகள் தொங்கத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கிவிட்டது. வீட்டுக்கு ஒரு பெண் பண்ணைக் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள்.

கொட்டகையில் பெண்கள் விரல் நகம் அளவுள்ள சிப்பிக் குஞ்சுகளைக் கயிற்றைச் சுற்றி அடுக்கி, மேலே பருத்தி வலைத்துணியைச் சுற்றித் தைப்பார்கள். கடலில் இறக்கிய சில நாட்களில் துணி மக்கிப் போகும். அதற்குள் குஞ்சு தன் நூலை விட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். பச்சைச் சிப்பி கழிமுகத்துக்கு ஏற்றது. மளமளவென்று பெருக்கும், ஆனால் பெரிய அலைக்குத் தாங்காது. பழுப்புச் சிப்பி பிடித்தால் விடாது, ஆனால் வளர்வதற்கு ஆற அமர நேரம் கேட்கும். இரண்டையும் கலந்து டாக்டர் திருவேங்கடம் உருவாக்கிய மூன்றாவது வகைதான் வரிச்சிப்பி. அலையில் நிற்கும், சீக்கிரமும் வளரும். அதற்கு மேலும் ஒரு குணத்தை அதில் வைத்திருந்தார். தண்ணீரில் மிதந்து வரும் உயிர்த்தடயங்களை, மீன் விட்டுப்போன சளியை, செதில் துகளை, அது ஓட்டுக்குள் பூட்டி வைக்கும். கடல் ஏறி வற்றும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி. அந்த வரிகளைப் பார்த்தே எந்த மீன் எப்போது அந்த வழியாகப் போனது என்று சொல்லிவிடலாம்.

மனிதத் தடயமும் அதில் விழத்தான் செய்யும். கயிற்றைத் தொடுகிறவர்கள், காற்றாலை மேடையில் குளிப்பவர்கள், துப்புகிறவர்கள் என்று எத்தனையோ பேர். அதனால் பணியாளர் எல்லோருடைய எச்சிலையும் முன்கூட்டியே வாங்கி, அந்தத் தடயங்களைக் கழித்துவிட்டு மீனை மட்டும் காட்டும்படி கருவியைப் பழக்கியிருந்தார்கள்.

போன ஐப்பசிப் புயலில் மாதாவிளையிலிருந்து போன ஒரு விசைப்படகு திரும்பவில்லை. படகில் ஆறு பேர். படகுக்காரர் ததேயு பெனிற்றாவின் ஒரே அண்ணன். விமானமும் கப்பலும் தேடிவிட்டு மூன்றாம் நாள் கைவிட்டன. ததேயுவின் மனைவி ஜெசிந்தா கரையில் உட்கார்ந்து, "அவிய உயிரோட இருக்காவ, எனக்குத் தெரியும், ஒருக்காகூடப் போய்ப் பாருங்க" என்று போகிற வருகிறவர்களின் காலையெல்லாம் பிடித்தாள். அந்தக் கடலில் ஒருவரும் பிழைத்திருக்க முடியாது, ஒரே அலையில் முடிந்திருக்கும், வலிகூடத் தெரிந்திருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். பெனிற்றாவும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் தந்த தூக்க மாத்திரையைத் தண்ணீரோடு அண்ணிக்குக் கொடுத்ததும் அவள்தான். உடல் இல்லாத பெட்டியில் ததேயுவின் சட்டையை வைத்து அடக்கம் செய்தார்கள்.

பங்குனியில் அறுவடை தொடங்கியது. ஏழாம் மேடையின் கயிற்றிலிருந்து வந்த சிப்பிகளைப் பெனிற்றா வழக்கம்போல அறுத்துக் கருவியில் வைத்தாள். புயல் நாட்களின் வரிகள் வந்ததும் கருவி ஓரிடத்தில் நின்றது. பணியாளர் பெனிற்றா, பாதிப் பொருத்தம், நீக்குவதா வேண்டாமா என்று கேட்டது.

கை அழுக்காக இருந்திருக்கும் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். கையுறை மாற்றி, வேறொரு சிப்பியை அறுத்தாள். மறுபடியும் அதே கேள்வி. மூன்றாவதிலும் அதேதான். அவள் தன் வாழ்நாளில் ஏழாம் மேடைக்குப் போனதில்லை. அவளுடைய தடயம் அங்கே முழுதாகவும் இருக்க முடியாது, பாதியாகவும் இருக்க முடியாது. பாதி என்றால் அவளுடைய அப்பாவும் அம்மாவும் பெற்ற வேறொரு பிள்ளையுடையதாகத்தான் இருக்கவேண்டும். இது புரிந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். புரிந்த பிறகு எப்போது உட்கார்ந்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை.

டாக்டர் திருவேங்கடம் வந்து பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, அவளுக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பெனிற்றா, இது உங்க அண்ணன்தான். அதுல சந்தேகமில்ல."

"செத்து ஒதுங்கினதா சார்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செத்த உடம்புன்னா வரி வேற மாதிரி இருக்கும். ஒரே ஏத்தமா ஏறி, வாரக்கணக்கா கலங்கிக் கிடக்கும். இது அப்படி இல்ல. உயிரோட இருக்கிற உடம்பு கொஞ்சம் கொஞ்சமா விடுற தடயம். தோல், எச்சில், சிறுநீர். ஒவ்வொரு வரியிலயும் ஒரே அளவு."

"எத்தற நாளு?"

"நாலு நாள். அஞ்சாவது நாள் வரியில இல்ல."

கடைசித் தேடுதல் விமானம் திரும்பிப் போனபோது அவளுடைய அண்ணன் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். ஜெசிந்தா கரையில் புரண்டு அழுதபோதும், தான் மாத்திரையை நீட்டியபோதும், அவன் அங்கேதான் கிடந்திருக்கிறான். பெனிற்றா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மேடைக்கு ஏணி உண்டுமே சார். ஏறியிருக்கலாமே."

"புயல் எச்சரிக்கை வந்தா ஏணியெல்லாம் கரையிலேருந்தே மேல தூக்கிப் பூட்டிடுவாங்க. வெளிப் படகுக்காரங்க ஏறிடக்கூடாதுன்னு பண்ணையோட விதி. நான் போட்டதில்ல. ஆனா நான் அத எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதும் இல்ல."

அந்த நாலு நாளையும் முழுதாகப் பார்த்துவிடவேண்டும் என்று பெனிற்றா கருவியின் கழித்தலை நிறுத்தினாள். இதுவரை மறைந்திருந்த பணியாளர் தடயங்கள் எல்லாம் திரையில் வந்தன. புயல் நாட்களில் ஏழாம் மேடையில் இன்னொரு மனிதன் இருந்திருக்கிறான். தடயம் மெலிசு, தண்ணீரில் கிடந்தவனுடையது அல்ல, மேலேயிருந்து சொட்டியது. அதற்கு எதிரே பொன்னுலிங்கம் என்ற பெயர் வந்தது.

டாக்டர் எழுந்துவிட்டார். "அவன் கரையில இருந்தான். மேடை ஆட்கள் எல்லாரையும் ரெண்டு படகுல கூட்டிட்டு வந்தாச்சுன்னுதான் சொன்னாங்க."

பொன்னுலிங்கம் ஏழாம் மேடையின் மின்பணியாளர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், கல்யாணம் ஆகாதவர். புயலுக்குப் பிறகு கடலுக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கொட்டகையில் மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் ஒழிய வாய் திறக்காத மனிதராகிவிட்டார் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

"நீ வெளிய சொன்னா நான் மறுக்க மாட்டேன்," என்றார் டாக்டர். "பண்ணையை மூடினாலும் மூடட்டும். ஆனா ஒண்ணு யோசி. உங்க அண்ணி இப்போ ஒரு நெனப்புல மனசைத் தேத்தி வச்சிருக்காங்க. ஒரே அலை, வலி தெரியலன்னு. அத எடுத்துட்டு நாலு நாளக் கைல குடுக்கப் போறியா?"

அந்தக் கேள்வியோடு பெனிற்றா வீட்டுக்கும் ஆய்வுக்கூடத்துக்குமாக நடந்தாள். ஏழாம் மேடைக் கயிறுகளை விற்பனைக்கு அனுப்பவேண்டாம் என்று மட்டும் சொல்லித் தனியாகத் தொட்டியில் போடச் செய்தாள். அதுவே அவளைக் காட்டிக் கொடுத்தது. ஜெசிந்தா குஞ்சு சுற்றும் கொட்டகையில்தான் வேலை செய்தாள். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும், கையைக்கூடக் கழுவாமல் ஆய்வுக்கூடத்துக்கு வந்து நின்றாள்.

"ஏழாம் மேடைச் சிப்பிய ஏன் மாத்தி வச்சிருக்கு? நோயா?"

"இல்ல மைனி."

"பின்ன? நீ எனக்க மொகத்தப் பாத்துப் பேசி எத்தற நாளாச்சு. எனக்கிட்ட எதையோ மறைக்குத. சொல்லு பிள்ளே."

பெனிற்றா சொன்னாள். எங்கேயிருந்து தொடங்குவது என்று தெரியாமல் வரியிலிருந்து தொடங்கி, பாதிப் பொருத்தத்துக்கு வந்து, நாலு நாளையும் மேடையில் இருந்தவனையும் சொல்லி முடித்தாள். ஜெசிந்தா சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். அழவில்லை. கையில் ஒட்டியிருந்த பருத்தி நூலை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னேம்லா," என்றாள் கடைசியில். "உயிரோட இருக்காவன்னு சொன்னேம்லா. ஒருத்தரும் கேக்கேல்லியே."

"மைனி, நானும் கேக்கேல்ல. என்ன மன்னிச்சிரு."

"அது பெறவு. மேல இருந்தவன் எங்க?"

பொன்னுலிங்கம் கொட்டகையின் பின்பக்கம் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பெண்களும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் திருப்புளியைக் கீழே வைத்தார். அவர் இதற்காகவே காத்திருந்ததுபோல் இருந்தது.

"எனக்க வீட்டுக்காரரு உங்களுக்க மேடைக்குக் கீழ கெடந்தாரா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"ததேயுன்னு பேரு சொன்னாரு," என்றார் பொன்னுலிங்கம்.

ஜெசிந்தா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். பெனிற்றாவும் உட்கார்ந்தாள். அவர் தலையைக் குனிந்தபடி பேசினார்.

"நான் தூணுக்குள்ள கேபிள் வேலையில நிண்ணேன். ரெண்டாவது படகில ஏறியிருப்பான்னு மொதல் படகுக்காரன் நெனச்சான். மொதல்ல ஏறியிருப்பான்னு மத்தவன் நெனச்சான். வெளிய வந்து பாத்தா ஆளில்ல. ஏணியும் மேல போய்ப் பூட்டியாச்சு, கரையிலேருந்துதான் திறக்க ஏலும். விடியக்காலம் கீழ சத்தம் கேட்டுது. எட்டிப் பாத்தா ஒரு ஆளு கயித்தப் பிடிச்சிட்டுக் கெடக்காரு."

"மத்தவிய?" என்றாள் ஜெசிந்தா. ஐந்து வீடுகளுக்காகவும் கேட்டாள்.

"ஒத்தைக்குத்தான் தங்கச்சி. படகு மறிஞ்சப்பமே எல்லாரும் பிரிஞ்சாச்சுன்னு சொன்னாரு."

"ரேடியோ இல்லியா?"

"கூப்பிட்டேன். ஒரே ஒரு தடவ பதில் வந்துது. மேடையில ஒருத்தரும் இல்லன்னாக்கும் இஞ்ச பதிவு, நீ யாருன்னு கேட்டான். சொல்லதுக்குள்ள பாட்டரி போச்சு." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவருக்கு ஒரு கை ஒடிஞ்சிருந்துது. கயிறு இறக்கினேன், ஏறப் பாத்தாரு, முடியேல்ல. நான் இழுத்தும் பாத்தேன். அலை அடிக்குத அடியில பாதி தூரம் வந்து திரும்ப விழுந்தாரு. பெறவு இடுப்பில கெட்டிக்கிட்டாரு. குடிவெள்ளமும் பிஸ்கெட்டும் வாளியில வச்சு இறக்குவேன். சிப்பியப் பிச்சுப் பச்சையாத் தின்னாரு. எனக்கும் ரெண்டு வாளியில போட்டு அனுப்பினாரு. நல்ல ருசியாக்கும், தின்னு பாரும்னு சொன்னாரு."

ஜெசிந்தா தலையசைத்தாள். "அப்பிடித்தான் பேசுவாவ."

"நீங்க கீழ இறங்கேல்லியா அண்ணே?" என்று பெனிற்றா கேட்டாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. ஆனாலும் அவர் முகம் சுருங்கியது.

"எனக்கு நீச்சல் தெரியாது. வெள்ளத்தக் கண்டாலே பயம். கரண்டு வேலைக்குன்னு வந்தவன் நான். இறங்க ஏலாது."

முன்பக்கம் பெண்கள் குஞ்சுகளைத் தொட்டியில் கொட்டும் சத்தம் கேட்டது.

"தணுக்குன்னு, குளிருன்னு சொன்னாவளா?" என்றாள் ஜெசிந்தா.

"சொன்னாரு."

"என்ன பேசினாவ? நாலு நாளு என்ன பேசினாவ?"

"என்னையப் பேசச் சொல்லுவாரு. நான் கப்பலு தெரியுன்னு சொல்லுவேன். ஹெலிகாப்டர் சத்தம் கேக்குன்னு சொல்லுவேன். ஒண்ணும் இல்ல, பூராப் பொய்யி. மூணாம் நாளு சொன்னாரு, 'ஓய், நீரு சொல்லுதது பூராப் பொய்யின்னு எனக்குத் தெரியும். நிப்பாட்டாண்டாம், சொல்லும்'னு. நான் சொல்லிட்டே இருந்தேன். உங்களப் பத்தியும் சொன்னாரு. படகில பங்கு இருக்குன்னு பொய் சொல்லிட்டு வந்தவன நீங்க செருப்போட தெரு முழுக்க விரட்டினதச் சொல்லிச் சிரிச்சாரு. கை ஒடிஞ்சு கெடக்குத மனுசன் சிரிக்காரு."

அப்போதுதான் ஜெசிந்தா அழுதாள். முதலில் சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு அது நிற்கவில்லை. பெனிற்றா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"நாலாம் நாளு ராத்திரி கூப்பிட்டேன். பதில் இல்ல. கயித்த இழுத்தேன். லேசா வந்துது," என்று சொல்லி பொன்னுலிங்கம் நிறுத்திக்கொண்டார்.

"இத எங்கிட்ட வந்து ஏன் சொல்லேல்ல?" என்று வெகுநேரம் கழித்து ஜெசிந்தா கேட்டாள்.

"மறுநாளாக்கும் படகு வந்து என்னக் கூட்டிட்டுப் போச்சு. விட்டுட்டு வந்தது வெளிய தெரிஞ்சா அவிய வேலைக்கு ஆபத்து, ஒண்ணும் பேசாண்டாம்னு படகுக்காரனுவ கெஞ்சினானுவ. அதுக்காவ இல்ல தங்கச்சி. கரைக்கு வந்தா அடக்கத்துக்கு மணி அடிக்குது. ஒரே அலையில போனாரு, வலி இல்லன்னு ஊரே சொல்லுது. நான் வந்து, அப்பிடி இல்லன்னு சொல்லணுமா?"

ஜெசிந்தா எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, போகும்போது அவர் தோளில் ஒரு தடவை கையை வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் ஜெசிந்தா குஞ்சு சுற்ற மறுத்தாள். காரணத்தைக் கொட்டகை முழுவதுக்கும் கேட்கும்படி சொன்னாள். மற்ற பெண்களும் துணியையும் ஊசியையும் கீழே வைத்தார்கள். தொட்டிகளில் குஞ்சுகள் சாகத் தொடங்கிய பிறகு பண்ணையிலிருந்து பெரிய ஆட்கள் காரில் வந்தார்கள். டாக்டர் திருவேங்கடம் அவர்களுக்கு எதிரிலேயே வரிகளைத் திரையில் போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு அவருக்கு அந்தப் பண்ணையில் வேலை இல்லை என்றாகிவிட்டது. ஆனால் ஏணிகளைத் தூக்கும் மோட்டார்களைக் கழற்றினார்கள். எந்தப் புயலிலும் ஏணி இனித் தண்ணீருக்குள் இறங்கியே நிற்கும்.

மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் பெனிற்றாவைத் தேடி வந்தார்கள். தாயும் மனைவியும் தம்பியும் வரிசையாக நின்று எச்சில் கொடுத்தார்கள். எல்லா மேடைகளின் கயிறுகளிலிருந்தும் சிப்பி எடுத்துவரச் சொல்லி, கண் எரிய எரிய அவள் படித்தாள். ஒருவர்கூட இல்லை. ஸ்டெல்லா என்ற பெண், தன் மகன் ஒரு வரியில்கூடவா இல்லை என்று கேட்டாள். இல்லை என்றாள் பெனிற்றா. அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று கேட்க வந்தவளுக்கும் தெரியவில்லை, சொன்னவளுக்கும் தெரியவில்லை.

ததேயுவின் சாவைப் பற்றிய விசாரணைக்கு ஏழாம் மேடையின் வரிகளை முழுமையாக எழுதித் தரவேண்டியிருந்தது. அதுவரை பெனிற்றா அண்ணன் இருக்கும் வரிகளை மட்டுமே திரும்பத் திரும்பப் பார்த்திருந்தாள். அவன் முடிந்த இடத்தைத் தாண்டி அவள் போனதில்லை. இப்போது போனாள்.

ததேயுவின் தடயம் இல்லாத முதல் வரி. அதில் மேலேயிருந்து சொட்டிய மெலிந்த தடயம் இல்லை. பொன்னுலிங்கத்தின் தடயம் கொழுத்துக் கிடந்தது, தண்ணீருக்குள் உடம்பு கிடந்தால் எப்படி விழுமோ அப்படி. தோலும் இரத்தமும் கலந்திருந்தன. மேலே தொங்கிய சிப்பியிலும் இருந்தது, கயிற்றின் நுனியில், ஆழத்தில் கிடந்த சிப்பியிலும் இருந்தது. அடுத்த வரியில் மறுபடி மெலிந்துவிட்டது.

அவள் அவரைத் தேடிப் போனாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, பண்ணையில் ஆளில்லை. அவர் மட்டும் கொட்டகை வாசலில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பொட்டலத்தை நகர்த்தி இடம் விட்டார்.

"அண்ணே, நீங்க இறங்கியிருக்கிய."

அவர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார்.

"சிப்பி சொல்லிச்சா?"

"அடி வரைக்கும் போயிருக்கிய. ரத்தம் கெடக்கு. நீச்சல் தெரியாதுன்னு சொன்னிய."

"தெரியாதுதான். கயித்த எனக்க இடுப்பில கெட்டிட்டு வெள்ளத்தில சாடினேன். சிப்பியில ஒரசி மேலு பூராக் கிழிஞ்சுது. முங்கி முங்கித் தேடினேன். கெடைக்கேல்ல. எப்பிடியோ கயித்தப் பிடிச்சுத் திரும்ப ஏறியாச்சு."

"அத ஏன் மைனிக்கிட்ட சொல்லேல்ல? இறங்கவே இல்லன்னுதானே சொன்னிய. அவ கேட்டா எவ்வளவு ஆறுதலா இருக்கும்."

பொன்னுலிங்கம் அவளைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அவர் யாரையும் நேராகப் பார்த்து அவள் கண்டதில்லை.

"சொல்லாத பிள்ளே. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"ஏன் அண்ணே?"

"ஏலாதுன்னுதான் நாலு நாளும் மேல நிண்ணேன். சத்தியமா ஏலாதுன்னுதான் நெனச்சேன். கயிறு லேசா வந்த அந்த நிமிசம் சாடினேன், ஏறி வரவும் செய்தேன்." அவர் குரல் தணிந்தது. "அப்பம் என்னால ஏலும்லா. மொதல் நாளே ஏலும்லா. அவருக்கு ரெண்டு காலும் ஒரு கையும் இருந்துது. கூட ஒருத்தன் கீழ நிண்ணு தாங்கிக் குடுத்தா ஏறியிருப்பாரு."

பெனிற்றா வாயைத் திறந்தாள். புயலைப் பற்றியும், அலையின் உயரத்தைப் பற்றியும், முதல் நாள் இறங்கியிருந்தால் இரண்டு பேரும் போயிருப்பீர்கள் என்றும் சொல்ல எத்தனையோ இருந்தது. அவை உண்மையாகவும் இருக்கலாம். அதற்கு மட்டும் எந்தச் சிப்பியிலும் வரி இல்லை. அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினார்.